‘சிக்னல் இல்லை’ என்று காட்டினால் உடனே ஃபைபர் கோரை வெட்டாதீர்கள்

பெரிய ஃபைபர் கேபிளின் ஜாயின்ட் பாக்ஸைத் திறந்தால் ஒரே நிறத்தில் நாலைந்து கோர் (ஒளி போகும் தனித்தனி கண்ணாடி இழை) கையில் வரும், ஏனென்றால் கோர்களைக் கட்டாகச் சுமக்கும் ஒவ்வொரு டியூபிலும் அதே 12 நிறங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எதில் டிராஃபிக் ஓடுகிறது, எது காலி என்று வெட்டாமல் பார்ப்பதற்குத்தான் ஃபைபர் ஐடென்டிஃபையர் என்ற கையடக்கக் கருவி. கோரை அதன் இடுக்கில் வைத்து அழுத்தினால் லேசாக வளையும், வளைந்த இடத்தில் கொஞ்சம் ஒளி கசியும், உள்ளே இருக்கும் டிடெக்டர் அதைப் பிடித்து எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியும் காட்டும். வேலை இவ்வளவு சுலபமாக முடிவதால் அதை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள்.

அதில் பெரிய தவறு, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கோர் காலி என்று முடிவு கட்டுவது. கருவிக்குப் போதுமான ஒளி கசியவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். முக்கியமாக ஜி.657 வகை ஃபைபர், வீட்டுக்குள் சுவர் மூலையில் மடக்கினாலும் ஒளி அதிகம் கசியாதபடி செய்யப்பட்டது. பழைய ஜி.652 வகையின் வளைவு ஆரம் 30 மி.மீ. என்றால் ஜி.657.ஏ2-வுக்கு 7.5 மி.மீ. போதும். கசியாமல் இருப்பதே அதன் சிறப்பு, அதை வளைத்துவிட்டு ஒளி வரவில்லை என்று சொன்னால் எப்படி? 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஓடும் கோர் 1550-ஐவிடக் குறைவாகத்தான் கசியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மெயின் ரூட் அறுந்தால் எடுத்துக்கொள்ள என்று காத்திருக்கும் ஸ்டாண்ட்பை கோரில் அந்த நேரத்தில் ஒளியே இல்லாமலும் இருக்கலாம்.

அதனால் வெட்டுவதற்கு முன் மறுமுனையில் ஒருவரை நிறுத்தி, பேட்ச் பேனலில் (கோர்களின் முனைகள் வந்து சேரும் பலகை) அந்தக் கோரில் எதுவும் ஓடவில்லை என்று ரெக்கார்டிலும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரிலும் உறுதி செய்துவிட்டு, லைட் சோர்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் டோன் (அந்த வேகத்தில் துடிக்கும் அடையாள ஒளி) போடச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் கோரில் அந்த டோன் தெரிய வேண்டும், பக்கத்துக் கோர்களில் தெரியக் கூடாது. தெரியவில்லையா, கத்தரியைக் கீழே வையுங்கள்.

இரண்டாவது, அழுத்துவதால் லைனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு. ஒளி கசிந்தால் அந்த அளவுக்கு லாஸ் (ஒளி இழப்பு) உண்டு, சில வகை கோரில் அது 1 டிபி-யைத் (டெசிபல்) தாண்டும். ஒரே கோரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் லைனில், அப்படிப் பிரிக்கும் 32 வழி ஸ்ப்ளிட்டர் மட்டுமே ஏறக்குறைய 17 டிபி தின்றுவிடும். ஏற்கனவே மைனஸ் 26 டிபிஎம் (ஒளியின் அளவு) என்று தட்டுத்தடுமாறி ஓடும் வீட்டு இணைப்பு, நீங்கள் கருவியை மாட்டிய நொடியில் விழுந்துவிடலாம். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் இருக்கும் கோர் என்றால் அந்த ஸ்ப்ளிட்டரில் பலவீனமாக இருக்கும் வீட்டு இணைப்புகள் எல்லாம் போகலாம். சட்டென்று அழுத்தி சட்டென்று விடுவதும் கூடாது, மெதுவாக மூடி மெதுவாகத் திறக்க வேண்டும்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. 250 மைக்ரான் கோருக்கு 3 மி.மீ. ஹெட்டைப் (கோரைப் பிடிக்கும் பாகம்) போடுவது, உச்சி வெயிலில் மூடியைச் சரியாக மூடாமல் வெளி வெளிச்சத்தைச் சிக்னல் என்று படிப்பது, ஹெட்டில் கேபிளுக்குள் இருக்கும் ஜெல் அப்பியிருக்க அப்படியே அடுத்த கோரை வைப்பது. போன் கேமராவில் பார்க்கலாமே என்பவர்களுக்கு: அதன் சிலிக்கான் சென்சாருக்கு 1310-உம் 1550-உம் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும், அதனால் கோர் முனையை எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழைதானே, யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று நெட்வொர்க் வைத்திருக்கும் சிலர் இன்னும் பேசுகிறார்கள். கையடக்கக் கருவியே கோரை வெட்டாமல் ஒளியை எடுக்கிறது என்றால் அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? டேட்டாவை என்கிரிப்ட் செய்யுங்கள், ஓடிடிஆரில் (கோரில் எந்தத் தூரத்தில் லாஸ் என்று காட்டும் கருவி) புதிதாக ஒரு லாஸ் தெரிந்தால் அதே இடத்தை 1310, 1550 இரண்டிலும் பாருங்கள். 1550-இல் மட்டும் லாஸ் தூக்கலாக இருந்தால் அது ஸ்ப்ளைஸ் (கோர்களை ஒட்டிய இடம்) கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு, யாரோ அல்லது எதுவோ கோரை வளைத்து வைத்திருக்கிறது, ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டியதுதான்.