எடை திரும்ப ஏறாமல் இருக்க உணவுக் கணக்கு: வீட்டுச் சமையலை எழுதிவைக்கும் முறை

எடையைக் குறைத்தாயிற்று, இனி அது ஏறக்கூடாது என்பவர்களுக்கான குறிப்பு இது. சாப்பிடுவதை எழுதிவைக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் விடுவதற்குச் சோம்பலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கலோரி கணக்கிடும் மொபைல் ஆப்பில் ‘சாம்பார், 1 கிண்ணம்’ என்று தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல எண்கள் வரும். எதை நம்புவது என்று தெரியாமலே சலித்துப்போகும். ஒரே பானையில் சமைத்து நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அந்த எண்கள் உதவாது. நம் பானைக்கு நாமே கணக்குப் போட வேண்டும்.

தராசு

5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். டேர் பட்டன் (தராசில் இருக்கும் எடையைக் கழித்துப் பூஜ்யம் காட்டவைப்பது) கட்டாயம் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும் தராசுகள் அதிகம். அணைந்தால் டேர் செய்ததும் போய்விடும். அதனால் சாம்பார் சட்டி, குக்கர் பாத்திரம், மாவுச் சட்டி ஆகியவற்றின் வெற்று எடையை ஒருமுறை பார்த்து, தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சூடான பாத்திரத்தை நேரடியாக வைக்காதீர்கள். நடுவில் ஒரு மரப்பலகை வைத்து, அதன் எடையைக் கழியுங்கள்.

எழுதுவதற்கு ஆப்பைவிட நோட்டுப் புத்தகமோ கூகுள் ஷீட்ஸோ மேல். பொருள்களின் கலோரிக்கு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணை நல்லது. அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.18-ஆல் வகுத்தால் கலோரி. அடிக்கடி சமைக்கும் இருபது பொருள்களுக்கு மட்டும் எடுத்து எழுதிக்கொண்டால் பல மாதம் ஓடும்.

பானைக் கணக்கு

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள்.

1. சமைக்கும் முன் ஒவ்வொரு பொருளையும் பச்சையாக எடைபோடுங்கள். 150 கிராம் துவரம்பருப்பு சுமார் 510 கலோரி, 20 கிராம் எண்ணெய் 180, 300 கிராம் காய் 90, 100 கிராம் சின்ன வெங்காயம் 50, புளியும் பொடியும் சேர்ந்து 50. மொத்தம் 880.
2. தாளித்துக் கொட்டி இறக்கியபின் சட்டியோடு எடைபோட்டு, வெற்றுச் சட்டி எடையைக் கழியுங்கள். 1,760 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.
3. 880-ஐ 1,760-ஆல் வகுத்தால் கிராமுக்கு 0.5. உங்கள் தட்டில் விழுந்த 200 கிராம் சாம்பார் 100 கலோரி.

தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு தவறாது. மொத்தக் கலோரி மாறுவதில்லை, எடைதான் மாறுகிறது.

சோற்றில்தான் பெரிய பிழை நடக்கும். வேகவைக்காத அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராம் 130-ஐ ஒட்டி இருக்கும். சோற்றை எடைபோட்டு அரிசியின் எண்ணைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். 300 கிராம் அரிசி குக்கரில் 840 கிராம் சோறானால் கிராமுக்கு 1.25. அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். அரிசி ரகமோ தண்ணீர் அளவோ மாறும்போது திரும்பப் பார்த்தால் போதும்.

தோசை மாவைக் கரண்டியால் கணக்கிடாதீர்கள். புளித்துப் பொங்கிய மாவில் காற்று இருப்பதால், ஒரு கரண்டி மாவின் எடை நாளுக்கு நாள் மாறும். மாவுச் சட்டியைத் தராசில் வைத்து டேர் அழுத்துங்கள். ஒரு கரண்டி எடுத்துக் கல்லில் ஊற்றியதும் தராசு −80 என்று காட்டும். அதுதான் உங்கள் தோசை மாவின் எடை. எண்ணெய் பாட்டிலுக்கும் இதே வழி: டேர் செய்து, ஊற்றி, திரும்ப வைத்தால் −12. வடை, அப்பளம் பொரித்தால், சட்டியில் எண்ணெய் இருந்த எடையைப் பொரிக்கும் முன்பும் பின்பும் பார்த்து வித்தியாசத்தை எழுதுங்கள்.

எண்ணெயை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், ஒரு கிராமுக்கு 9 கலோரி. எழுதாமல் விட்டுப்போவதும் அதுதான். மாதக் கடைசியில் ஒரு சோதனை போடுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால், சுமார் 2,760 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம், 207 கலோரி. உங்கள் நோட்டில் 10 கிராம்தான் இருக்கிறது என்றால் எங்கோ தாளிப்பு விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் பராமரிப்புக் கலோரியைக் கண்டுபிடிப்பது

காலையில் கழிவறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். தினசரி எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் பெரும்பாலும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர்தான். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி மிகுதி வேண்டும், ஒரு பந்தியில் அது சேராது.

மூன்று, நான்கு வாரம் முழுமையாக எழுதி, சராசரி எடை அசையாமல் இருந்தால், அந்த நாள்களின் சராசரிக் கலோரிதான் உங்கள் பராமரிப்பு அளவு. உங்கள் தராசின் பிழை, அட்டவணையின் பிழை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. அதனால்தான் பிழை இருப்பது பிரச்சினையே இல்லை, பிழை மாறுவதுதான் பிரச்சினை. நடுவில் அட்டவணையை மாற்றாதீர்கள். ஆவின் நீலப் பாக்கெட்டிலிருந்து ஆரஞ்சுக்கு மாறினால் பால் கொழுப்பு 3 சதவீதத்திலிருந்து 6 ஆகும். அதையும் நோட்டில் குறியுங்கள்.

வருடக்கணக்கில் தொடர

ஆயுளுக்கும் எல்லாவற்றையும் எடைபோட முடியாது, தேவையும் இல்லை. இரண்டு மாதம் கழித்து சோறு, எண்ணெய், நொறுக்குத்தீனி, டீ ஆகிய நாலை மட்டும் எழுதுங்கள். டீயைச் சின்னது என்று விடாதீர்கள்: 100 மில்லி நீலப் பால், 10 கிராம் சர்க்கரை போட்டால் 100 கலோரி, நாளுக்கு மூன்று குடித்தால் 300. மாதத்தில் ஒரு வாரம் மட்டும் முழுக் கணக்கு. ஏழு நாள் சராசரி, நீங்கள் காக்க நினைக்கும் எடையைவிட 1.5 கிலோ தாண்டினால் உடனே இரண்டு வாரம் முழுக் கணக்குக்குத் திரும்புங்கள். இந்தக் கோட்டை இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஏறியபின் யோசித்தால் மனசு சாக்குச் சொல்லும்.

சாப்பாட்டை நினைத்தாலே பயமோ குற்ற உணர்வோ வருகிறவர்கள் கலோரி எண்ண வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை

‘வீட்டில் சமைப்பது அம்மா, ஒவ்வொன்றையும் எடைபோடச் சொன்னால் எரிச்சல்படுகிறார்’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். அவரை எதையும் எழுதச் சொல்ல வேண்டாம். இரவே பருப்பையும் அரிசியையும் நீங்கள் அளந்து டப்பாவில் வைத்துவிடுங்கள். காலையில் எண்ணெய் பாட்டிலைச் சமையலுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எடைபோடுங்கள். எந்தக் கறியில் எவ்வளவு போனது என்று தெரியாவிட்டாலும், அன்றைய மொத்த எண்ணெயை ஆள் கணக்கில் வகுத்துப் போட்டால் போதும்.

ஹோட்டல் சாப்பாட்டுக்கு வீட்டுக் கணக்கின் மேல் 30 சதவீதம் கூட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே 30.