நினைத்தது பாதியில் நின்றுவிட்டதா? முதலில் பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள்

ஜனவரியில் ஆசையாகப் போட்ட திட்டம் சித்திரை பிறப்பதற்குள் நின்றுபோய், அதை எழுதி வைத்த நோட்டைப் பார்த்தாலே மனசு கனக்கிறது என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த இடத்தில் இருந்தவன். தினமும் நான்கு மணி நேரம் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது, காலையில் வேலூர் கோட்டை மைதானத்தில் ஒரு மணி நேரம் நடப்பது, மாதம் 3,000 ரூபாய் சேர்ப்பது என்று மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். மூன்றுமே நின்றன. தேர்விலும் கட் ஆஃபுக்குக் கீழேதான் வந்தேன்.

இன்று நான்கு மணி நேரம் படிக்கவில்லையா, நாளைக்கு எட்டு என்று கணக்குப் போடுவோம். எட்டு நடக்காது, அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு ஆகும், ஒரு வாரத்தில் அது கந்துவட்டி மாதிரி ஏறிப் புத்தகத்தைத் திறக்கவே கை வராது. ஒரு நாள் விட்டதால் என் படிப்பு நிற்கவில்லை, அதை மறுநாளே சேர்த்துக் கட்டப் பார்த்ததால்தான் நின்றது. அதனால் படிக்காத மணி நேரம், நடக்காத நாள், சேர்க்காத பணம் எல்லாவற்றையும் நோட்டில் கோடு போட்டு அடித்துவிடுங்கள். நாளைக்கு நாளைய பங்கு மட்டும்.

ஆனால் செய்ததை அடிக்க வேண்டாம். சோளிங்கர் பெரிய மலைக்கு ஆயிரத்து முந்நூறு படிகளுக்கு மேல். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவோடு ஏறும்போது, முட்டி வலித்தால் மண்டபத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட படியிலிருந்துதான் அம்மா மறுபடி ஏறுவார். கீழே இறங்கிப் போய் முதல் படியிலிருந்து யாரும் ஆரம்பிப்பதில்லை. படிப்பில் மட்டும் அப்படிச் செய்கிறோம். நான்கு மாதம் விட்டுவிட்டு வந்ததும் தேர்வுக்குப் படிக்கிற பள்ளிப் புத்தகங்களில் மறுபடி ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடம்! அதையே மூன்று முறை படித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலே தேர்வுக்குப் போனவர்கள் எத்தனை பேர். விட்ட பக்கத்திலிருந்து எடுங்கள்.

அப்புறம், எங்கே அறுந்தது என்று தேதியோடு பாருங்கள். "எனக்கு ஒழுக்கம் இல்லை" என்று மொத்தமாகத் திட்டிக்கொள்வது சுலபம், ஆனால் அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. என் நடை எப்போது நின்றது என்று பார்த்தேன், மார்ச் கடைசி வாரம். வேலூர் வெயில் நூறு டிகிரியைத் தாண்டத் தொடங்குகிற நேரம், ஏழு மணிக்கே உடம்பு எரியும், நானோ ஜனவரிக் குளிரில் போட்ட ஏழு மணியையே பிடித்துக்கொண்டிருந்தேன். அக்னி நட்சத்திரம் முடிகிற வரைக்கும் ஐந்தேகாலுக்குப் போகலாம், முடியாவிட்டால் இருட்டிய பிறகு அரை மணி நேரம் நடக்கலாம். காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர் இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு மணி நேரம் படிப்பேன் என்றால் அது நடக்காது, அவருக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நேரம்தான் படிப்பு நேரம். தேர்வும் அப்படித்தான். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்த்து 25. விடைக்குறிப்பை வைத்து எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று எண்ணிப் பாருங்கள், கஷ்டமாக இருந்தாலும் பாருங்கள். எனக்குப் போனதில் பெரும்பகுதி அந்த 25-க்குள் இருந்தது. ஒரு வருடம் முழுக்க வீண் என்று நினைத்திருந்தேன், உண்மையில் கணக்கு மட்டும்தான் தொடப்படாமல் கிடந்திருக்கிறது.

காரணம் தெரிந்ததும் அளவைக் குறையுங்கள். காய்ச்சல், விருந்தாளி, மின்வெட்டு எல்லாம் வந்த நாளிலும் முடிகிற அளவு எது? எனக்கு அது இருபது நிமிடம், பத்துக் கணக்கு. மூன்று இலக்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஆடிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தேன். யாரோ சொன்னதற்காகச் சுமக்கிற இலக்கு இருந்தால் அதை இறக்கி வைப்பதிலும் தப்பில்லை.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போதுதான் "ரிசல்ட் என்னப்பா ஆச்சு?" என்பார்கள். ஒரு பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்: "இந்த முறை வரலை மாமா, கணக்குல போயிடுச்சு, திரும்ப எழுதறேன்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் வீட்டில் ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள், தனியாக மென்றுகொண்டிருப்பதுதான் ஆளை அரிக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டு நாளைக் கடத்த வேண்டாம். வேலூரில் என்றால் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.