டீசல் காரின் ஃபில்டரைக் கழற்றச் சொல்கிறார்களா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் வழியாகக் காட்பாடி. மாலையில் அதே வழியில் வீடு. இரண்டு வருடம் என் டீசல் கார் இதைத் தவிர வேறு ஓட்டம் கண்டதில்லை. போன கோடையில் டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பாலாற்றுப் பாலத்தில் வண்டி முனகியது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்த மெக்கானிக் தயங்கவே இல்லை: "டி.பி.எஃப். அடைத்திருக்கிறது சார். எடுத்துவிடலாம், தொல்லை விட்டது."

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் கரிப்புகை வடிகட்டிதான் இந்த டி.பி.எஃப். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதில் படியும் கரி சுமார் 600 டிகிரி சூட்டில் எரிந்து போகும். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் பெரும்பாலும் தானாகவே எரியும். ஊருக்குள்ளேயே சுற்றினால் வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைப் பீய்ச்சிச் சூடேற்றும். அதற்குக் கால் மணி நேரமாவது வேண்டும்.

நான் செய்த முதல் தவறு அங்கேதான். நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். (என்ஜின் சுழலும் வேகம்) கொஞ்சம் ஏறும், சாவியைத் திருப்பிய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டிருக்கும், லேசான தீய்ந்த வாடை வரும். கரி எரிந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள் இவை. வெயில் ஊரில் ஃபேன் சுற்றாமல் என்ன செய்யும் என்று ஒவ்வொரு முறையும் பாதியிலேயே வண்டியை அணைத்துவிட்டேன். எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கியது. அளவுக் கம்பியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றதைப் பார்த்து, "பரவாயில்லையே, குறையவே இல்லை" என்று மகிழ்ந்த ஆள் நான்! டீசல் கலந்து நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

ஆயிலில் காசு மிச்சம் பிடிப்பது அடுத்த தவறு. கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. கையேட்டில் சொல்லியிருக்கும் சாம்பல் குறைந்த ரகத்தையே ஊற்றுங்கள்.

இனி கழற்றும் கதை. லாபமே இல்லை என்று சொன்னால் அது பொய். புகை தடையின்றி வெளியேறுவதால் பிக்கப் கொஞ்சம் கூடும், கரியை எரிக்கச் செலவாகும் டீசல் மிஞ்சும், புது ஃபில்டர் வாங்கும் பெருஞ்செலவும் தப்பும். ஆனால் ஃபில்டர் சும்மா அடைக்காது. புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு சிக்கியிருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், டர்போ ஆயிலைக் கக்கலாம். ஃபில்டரை எடுத்தால் அந்த நோய் சத்தமில்லாமல் உள்ளேயே வளரும். அழுத்த சென்சார் பிழை காட்டாதிருக்க மென்பொருளையும் மாற்றியாக வேண்டும். அத்தோடு வாரன்டி போயிற்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. "புகைச் சான்றிதழ் கிடைத்துவிடும் சார்" என்பார்கள். கிடைக்கவும் கூடும், அந்தச் சோதனை புகையின் கருமையைத்தான் அளக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை எண்ணுவதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் நோயாளிகள் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் தெருவில் அதை ஊதிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இ.ஜி.ஆர். வால்வில் கரி அப்பியிருந்தது. அதைத் துடைத்து, ஸ்கேனர் வழியாகவே ஃபில்டரின் கரியை எரித்து, ஆயிலையும் மாற்றினார்கள். இப்போது வாரம் ஒருமுறை பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஒரு ஓட்டம், கியரைக் குறைத்து ஆர்.பி.எம். 2,000க்குக் கீழே இறங்காமல்.

பழைய பி.எஸ். 6 டீசல் கார் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளைத் துணி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஃபில்டர் கழற்றிய வண்டியில் வெளியே டப்பா அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் பீங்கானை மட்டும் உடைத்து எடுத்திருப்பார்கள். சைலன்சர் குழாயின் உள்விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். துணியில் மையாகக் கரி ஒட்டினால், ஃபில்டர் எங்கே என்று கேட்டுவிட்டு விலையைப் பேசலாம்.