பழைய ஜான் டீர் டிராக்டர்: பெயர் எழுத்தைப் படிக்கும் முறை

1952-ல் 50, 60 என்று எண் பெயர்கள் வரும்வரை, அமெரிக்காவில் ஜான் டீர் இரண்டு சிலிண்டர் டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் பெயர். பானெட்டில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி உதிரி பாகம் வாங்கினால் பணம் வீண். பெயின்ட் அடித்தவர் எதை வேண்டுமானாலும் ஒட்டியிருப்பார்.

முதல் எழுத்து வண்டியின் குடும்பம். அகரவரிசைக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. டி 1923-லேயே வந்துவிட்டது, ஏ வந்தது 1934-ல். வரிசையாக நட்ட பயிருக்கு இடையே ஓடும் வரிசைப் பயிர் வண்டிகளைச் சிறியதிலிருந்து அடுக்கினால் எச், பி, ஏ, ஜி (H, B, A, G).

அடுத்து வரும் எழுத்து, வண்டி எந்த வேலைக்கு, எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லும். ஏ மட்டும் இருந்தால் முன்னால் நெருக்கமான இரட்டைச் சக்கரம். ஏஎன் என்றால் ஒற்றைச் சக்கரம், ஏடபிள்யூ என்றால் அகலம் மாற்றக்கூடிய முன் அச்சு. ஏஆர் அகலமான நிலையான முன் அச்சு கொண்ட தாழ்வான வயல் வண்டி. ஏஓ பழத்தோட்டத்துக்கு, கிளை மாட்டாமலிருக்கப் புகைக்குழாயைத் தாழ்த்தி, சக்கரங்களை மூடியிருப்பார்கள். ஏஐ தொழிற்சாலை வேலைக்கு. பிஎன்எச், பிடபிள்யூஎச் என்று கடைசியில் எச் வந்தால் உயரம் கூட்டிய வண்டி.

குழப்பமே இங்கேதான். எச் தனியாக நின்றால் 1939-ல் வந்த சின்ன வண்டி. ஆர் தனியாக நின்றால் 1949-ல் வந்த டீசல் வண்டி, ஏஆரோடு அதற்கு உறவே இல்லை. வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் எண்ணின் கடைசியிலும் ஓர் ஆர் இருக்கும். அது வார்ப்பு எண். மாடலும் அல்ல, சீரியல் நம்பரும் அல்ல. கடையில் அதைச் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள்.

ஜிஎம் இன்னொரு விதம். ஆறு கியரும் புதிய பானெட்டும் வைத்து 1942-ல் ஜி-யைப் புதுப்பித்தபோது போர்க்கால விலைக் கட்டுப்பாட்டால் பழைய பெயரில் விலையை உயர்த்த முடியாது என்பதால் பெயரை ஜிஎம் என்று மாற்றினார்கள். போர் முடிந்தபின் மறுபடி ஜி ஆனது.

சரிபார்க்க, டிரான்ஸ்மிஷன் உடம்பில் உள்ள சீரியல் நம்பர் தகட்டைத் தேடுங்கள். கம்பி பிரஷ்ஷோ மணல் வீச்சோ கூடாது, குத்திய எண் தேய்ந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்ததும் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் தெளியும். ஏ வரிசைப் பயிர் வண்டிகள் 410000-லிருந்து தொடங்கும். ஏஆர், ஏஓ 250000-லிருந்து. பிஆர், பிஓ 325000-லிருந்து. முன் சக்கரத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது போல்ட்டில் நிற்பது, யாரும் மாற்றியிருக்கலாம்.

பி-க்கு பிஸ்டன் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள். எழுத்து ஒன்றுதான், சிலிண்டர் விட்டம் மூன்று: 60000-க்கு முந்தைய சீரியல் நம்பருக்கு 4¼ அங்குலம், அதிலிருந்து 4½, 201000 முதல் 4 11/16. சிலிண்டர் பிளாக் தனியாகக் கழற்றக்கூடியது என்பதால் வேறு வண்டியின் பிளாக்கும் ஏறியிருக்கலாம், விட்டத்தைப் பெரிதாக்கிக் கடைந்து ஓவர்சைஸ் போரிங்கும் போட்டிருக்கலாம். ஹெட்டைக் கழற்றி விட்டத்தை அளந்தபிறகே ஆர்டர் கொடுங்கள்.