பெயர் ஒன்று, மரபணு வேறு: குடல் பாக்டீரியா விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரைப் பார்த்தே ஒரு பாக்டீரியாவை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகங்களில் காலங்காலமாக வளர்க்கப்படும் கே-12 என்ற உள்வகை (ஒரே இனத்துக்குள் வரும் ஒரு பிரிவு) சாது. ஓ157:எச்7 என்ற உள்வகையோ இரத்தத்தோடு வயிற்றுப்போக்கை உண்டாக்கி, சிலருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். 2001-இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, கே-12-இல் இல்லாத 1,300-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. சிறுநீரகத்தைத் தாக்கும் ஷிகா நச்சுக்கான மரபணு, பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் வழியே வந்து ஒட்டிக்கொண்டது. எந்த இரு மனிதருக்கும் இடையே டிஎன்ஏ வரிசையில் சுமார் 0.1 சதவீதம்தான் வேறுபாடு. அந்த அளவுகோலோடு பாக்டீரியாவை அணுகினால் ஏமாந்துபோவோம்.

உள்வகையின் பெயர் தெரிந்தாலும் கணக்கு முடிந்துவிடாது. முதல் உலகப் போரில் படைவீரர்கள் பலர் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோது, நோய் அண்டாத ஒருவரின் மலத்திலிருந்து ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-இல் பிரித்தெடுத்த ஈ. கோலை, இன்றும் புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் என்று உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்) மருந்தாகப் பயன்படுகிறது. ஆனால் அதனிடம் கோலிபாக்டின் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டமும் இருக்கிறது. கோலிபாக்டின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அது விட்டுச்செல்லும் தடயம் சிலரின் பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் காணப்படுவதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் அந்த மருந்து புற்றுநோய் தரும் என்று முடிவுகட்டுவதும் தவறு. அப்படி நிரூபணமாகவில்லை.

மலப் பரிசோதனை அறிக்கைகளிலும் இதே சிக்கல்தான். 16எஸ் என்ற ஒரே மரபணுவை மட்டும் படிக்கும் மலிவான முறை, பெரும்பாலும் பேரினம் (நெருங்கிய இனங்கள் அடங்கிய தொகுப்பு) வரைதான் உறுதியாகச் சொல்லும். மேலே சொன்ன மூன்று ஈ. கோலைகளையும் அதனால் பிரித்தறிய முடியாது. புரோபயாடிக் வாங்குபவர்களும் பாக்டீரியாவின் பெயரோடு நின்றுவிடாமல், அதன் பின்னால் வரும் உள்வகைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். ஓர் உள்வகையில் கிடைத்த ஆய்வு முடிவு மற்றொன்றுக்குச் செல்லாது.

நோயாளிகளிடம் ஒரு பாக்டீரியா கூடியோ குறைந்தோ இருந்தால், அதுவே நோய்க்குக் காரணம் என்று நினைப்பது இன்னொரு அவசரம். இரண்டாம் வகை நீரிழிவுக்குரியவை என்று கருதப்பட்ட குடல் மாற்றங்களில் ஒரு பகுதி, நோயாளிகள் சாப்பிட்ட மெட்ஃபார்மின் மாத்திரையால் வந்தது என்று 2015-இல் தெரியவந்தது.

மருந்து பாக்டீரியாவை மாற்றுவதுபோல பாக்டீரியாவும் மருந்தை மாற்றும். இதயநோய்க்குத் தரப்படும் டிஜாக்ஸினை, குடலில் வாழும் எகர்தெல்லா லென்டா செயலற்றதாக்கிவிடும். ஆனால் எல்லா எகர்தெல்லாவும் அல்ல. அதற்கான மரபணுக்கள் உள்ள உள்வகைகள் மட்டுமே அதைச் செய்கின்றன என்று 2013-இல் கண்டறிந்தார்கள். அந்த உள்வகை இருந்தாலும், அர்ஜினின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருக்கும்போது அம்மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. எனவே அறிக்கையில் எகர்தெல்லா பெயரைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து. டிஜாக்ஸினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மருத்துவர் நோயாளியின் நிலையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவையும் பார்த்துத்தான் அதை மாற்றுவார்.