‘டேக்’ எல்லாம் ‘எடு’ அல்ல: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்களின் மேசைக்குக் கதையும் கவிதையும் வருவது குறைவு. கடன் படிவம், ஆஸ்பத்திரி அறிவித்தல், காணிக் கடிதம், அரச சார்பற்ற நிறுவனங்களின் திட்ட அறிக்கை, இவைதான் வருகின்றன. இவற்றில் உள்ள பெரிய பெரிய சொற்களைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தச் சொற்களுக்கு அகராதி உண்டு, சொற்கோவை உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய காலத்திலிருந்து அந்த வேலை நடந்துகொண்டே வருகிறது. ஆனால் ‘டேக்’ (take) என்ற சின்ன ஆங்கில வினைச்சொல்லுக்காக எந்தக் குழுவும் கூடியதில்லை. அதற்காக யாரும் அகராதியைப் புரட்டுவதுமில்லை. ‘எடு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது.

‘டேக்’ ஆங்கிலத்தில் பிறந்த சொல்லே அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்த நோர்ஸ் மொழிச் சொல் அது. அதற்கு முன் ஆங்கிலேயர் ‘நிமன்’ என்றார்கள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘நேமன்’ இன்றும் வழக்கில் இருக்கிறது. வந்த சொல் இருந்த சொல்லைத் துரத்திவிட்டு ஒவ்வொரு வேலையாகத் தன் கையில் வாங்கிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் மருந்து, பஸ், பரீட்சை, பழி, நேரம், கதிரை எல்லாவற்றுக்கும் ‘டேக்’தான்.

நம்முடைய ‘எடு’வும் இலேசான சொல் இல்லை. பசி எடுக்கும், சத்தி எடுக்கும், பெருநாளைக்கும் தீபாவளிக்கும் உடுப்பு எடுக்கிறோம், விழா எடுக்கிறோம். இரண்டு சொல்லும் சில இடங்களில் சந்திக்கும். படம் எடு, முடிவு எடு, ஓய்வு எடு என்றால் பிரச்சினை இல்லை. மற்ற இடங்களில் தனித்தனியே போய்விடும். சந்திப்பது போலத் தோன்றி, சந்திக்காத இடங்கள்தான் ஆபத்து.

மருந்து விடயம் அப்படியானது. ஆங்கிலத்தில் ‘டேக் திஸ் மெடிசின்’ என்று இருந்தால் ‘இந்த மருந்தை எடுக்கவும்’ என்று எழுதுகிறார்கள். இலக்கணம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் “கிளினிக்குக்கு மருந்து எடுக்கப் போறன்” என்றால் வைத்தியரைக் காட்டி, மருந்தை வாங்கி வரப் போகிறேன் என்று பொருள். வாய்க்குள் போகிற வேலைக்கு “குளிசை குடிச்சாச்சா?”, “மருந்து போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். ‘மாதம் ஒரு முறை எடுக்கவும்’ என்று ஒரு துண்டில் இருந்தால், மாதம் ஒரு முறை வந்து வாங்குவதா, மாதம் ஒரு குளிசை குடிப்பதா? களுவாஞ்சிக்குடியிலோ சம்மாந்துறையிலோ தனியாக இருக்கும் ஒரு வயதானவருக்கு அதைப் பக்கத்தில் நின்று விளக்க ஆள் இருக்காது. குடிக்கவும், விழுங்கவும், கரைத்துக் குடிக்கவும், பூசவும், வாங்கிச் செல்லவும் என்று வேலையைச் சொல்லுங்கள். எது என்று ஆங்கிலத்தில் தெரியாவிட்டால் மருந்தாளரைக் கேளுங்கள். ஊகிக்கக் கூடாத இடம் இது.

இன்னொரு ஆஸ்பத்திரி வசனமும் இருக்கிறது. விபத்தில் காயப்பட்டவர்கள் ‘வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டனர்’ என்று அறிக்கைகளில் வருகிறது. மரண அறிவித்தல்களை நினைத்துப் பாருங்கள். பூதவுடல் மயானத்துக்கு ‘எடுத்துச் செல்லப்படும்’ என்பதுதான் அங்கே வழமையான வசனம். “எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?” என்று செத்த வீட்டில் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிரோடு இருக்கிற மனிதரை ‘எடுத்து’ச் செல்ல முடியாது. அவர் நடந்து வந்தால் கூட்டிக்கொண்டு போகிறோம். மரியாதைக்குரியவர் என்றால் அழைத்துச் செல்கிறோம். முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போகிறோம், வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அறிக்கை நடையில் ‘கொண்டு செல்லப்பட்டனர்’ என்றால் போதும். தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நட்டம்.

வாலோடு வரும் ‘டேக்’

‘டேக் ஓவர்’, ‘டேக் அவுட்’, ‘டேக் இன்’ என்று வாலோடு வரும்போது இரண்டாவது வகைத் தவறு நடக்கிறது. வாலைத் தனியாக வெட்டி மொழிபெயர்க்கிறார்கள்: வெளியே எடு, உள்ளே எடு, மேலே எடு. ஆங்கிலம் அந்தச் சின்ன ஒட்டை வைத்துச் செய்வதைத் தமிழ் பெரும்பாலும் இரண்டாவது வினையால் செய்கிறது. எடுத்துக்கொள், எடுத்துவிடு, எடுத்து வை, கொண்டு வா, கொண்டு போ. யாருக்காக, எந்தத் திசையில், முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்த இரண்டாவது வினைக்குள் இருக்கும். அம்பாறையில் சிங்களத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும். சிங்களத்தின் ‘கன்னவா’, எடுப்பதையும் வாங்குவதையும் குறிக்கும். இன்னொரு வினையோடு ஒட்டும்போது நம்முடைய ‘கொள்’ செய்கிற வேலையைச் செய்யும். இரண்டு மொழியும் ஒரே பக்கம், ஆங்கிலம் மறுபக்கம்.

‘டேக் அவுட்’டைப் பார்ப்போம். பெண்களின் சிறுசேமிப்புக் குழு ஒன்றின் ஆங்கில அறிக்கையில், ஓர் உறுப்பினர் 20,000 ரூபாயை ‘டேக் அவுட்’ செய்தார் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடன் பெற்றாரா, தன்னுடைய சேமிப்பை மீளப் பெற்றாரா? முதலாவது என்றால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டாவது என்றால் அது அவருடைய காசு. ‘20,000 ரூபாயை வெளியே எடுத்தார்’ என்று எழுதினால் தமிழும் கெடுகிறது, கணக்கும் கெடுகிறது. மேலேயும் கீழேயும் உள்ள வரிகளைப் படித்துவிட்டுக் ‘கடன் பெற்றார்’ என்றோ ‘சேமிப்பை மீளப் பெற்றார்’ என்றோ முடிவு செய்யுங்கள். வரிகளில் விடை இல்லை என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

‘டேக் ஓவர்’ அதைவிடப் பாரமானது, ஏனென்றால் கிழக்கில் அது பல நேரம் காணியோடு வருகிறது. புதிய பிரதேச செயலாளர் கடமையைப் பொறுப்பேற்றார் என்பது இலேசு. ஒரு காணியை அரசு ‘டேக் ஓவர்’ செய்தது என்றால்? சுவீகரித்தது என்று எழுதினால் சட்டப்படி நடந்தது என்கிறீர்கள். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் அதற்கு நடைமுறையும் நட்டஈடும் வைத்திருக்கிறது. ஆக்கிரமித்தது என்று எழுதினால் உரிமை இல்லாமல் பிடித்தது என்கிறீர்கள். ஆங்கிலம் இரண்டையும் சொல்லாமல் தப்பிவிடுகிறது, தமிழில் எழுதுகிறவர் தப்ப முடியாது. எழுதியவரைக் கேட்க வழி இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் ‘தன் வசம் எடுத்துக்கொண்டது’ என்று எந்தப் பக்கமும் சாயாமல் நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தை அங்கே நுழைக்கவும் கூடாது, மூலத்தில் உள்ள கடுமையைக் குறைக்கவும் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 ஜனவரி வெள்ளத்தைப் போன்ற ஒரு நேரத்தில் பாடசாலை குடும்பங்களை ‘டேக் இன்’ செய்தால் இடம் கொடுத்தது. சட்டையை ‘டேக் இன்’ செய்தால் பிடித்துத் தைத்தது. ஒருவர் ‘டேக்கன் இன்’ ஆனால் ஏமாந்து போனார். சப்பாத்தைக் கழற்றுகிறோம், விமானம் கிளம்புகிறது, வியாபாரம் சூடு பிடிக்கிறது, நிவாரணப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டுகிறார்கள், நான்கும் ‘டேக் ஆஃப்’. ஒரு பிரச்சினையை அதிகாரியிடம் ‘டேக் அப்’ செய்தால் எடுத்துச் சொல்கிறோம். தையலை ‘டேக் அப்’ செய்தால் அந்தத் தொழிலில் இறங்குகிறோம். மகள் தாயை ‘டேக் ஆஃப்டர்’ செய்தால் தாயை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். இந்தக் கடைசி வசனத்துக்கு ‘ஒத்திருக்கிறாள்’ என்று வறண்டு போய் எழுதுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. கையில் இருக்கிற சொல்லை ஏன் விட வேண்டும்?

ஊர் வழக்கு தருகிற சிக்கல்

எங்கள் வழக்கில் “கோல் எடுத்தன்” என்றால் நான் அழைத்தேன். தமிழ்நாட்டில் போனை எடுத்தான் என்றால், வந்த அழைப்பை ஏற்றான். எனவே ‘கோல் எடுக்கவில்லை’ என்று மட்டக்களப்பில் எழுதுவதைச் சென்னையில் இருப்பவர் வேறுவிதமாகப் படிப்பார். இரண்டு இடத்துக்கும் போகிற ஆவணம் என்றால் ‘அழைத்தோம்’, ‘பதிலளிக்கவில்லை’ என்று பிரித்து எழுதுங்கள்.

பாடம் எடுப்பதும் அப்படித்தான். ஒருவர் கணிதம் ‘எடுக்கிறார்’ என்றால், உயர்தரத்தில் அந்தப் பாடத்தைத் தெரிவு செய்திருக்கிறாரா, வகுப்பில் நின்று கற்பிக்கிறாரா? தகைமை விபரங்களை மொழிபெயர்க்கும்போது இது மாணவரை ஆசிரியராக்கிவிடும். கற்கிறார், கற்பிக்கிறார் என்று தெளிவாக எழுதலாம். பரீட்சைக்கு ‘தோற்றினார்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘பரீட்சையை எடுத்தார்’ தேவையில்லை.

வந்து குடியேறிவிட்ட சொற்களை என்ன செய்வது? ‘கூட்டம் இடம்பெற்றது’ என்பதில் ‘டேக் பிளேஸ்’ஸின் நிழல் தெரிகிறது. இலங்கைச் செய்திகளில் அது நன்றாக ஊன்றிவிட்டது, பிடுங்கப் பார்ப்பது வீண் வேலை. ஆனால் ‘பட்டியலில் பெயர் இடம்பெற்றது’ என்பதும் அதே பக்கத்தில் வரும்போது கூட்டத்தை ‘நடந்தது’ என்று மாற்றிவிடுங்கள். ‘முன்னெடுக்கப்படவுள்ளது’ என்பதோடு மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலிருந்து பொத்துவில் வரை ஆங்கிலத் திட்ட அறிக்கைகள் குவிந்தன. அப்படியான அறிக்கைகளின் தமிழில் கிணறு வெட்டுவதும் முன்னெடுப்பு, பயிற்சி வகுப்பும் முன்னெடுப்பு. கிணறு வெட்டுவார்கள், வகுப்பு நடக்கும் என்று எழுதினால் வாகரையில் இருக்கிறவருக்கும் தனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று விளங்கும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் படிப்பது அவருடைய உரிமை என்றால், விளங்குகிற தமிழில் படிப்பதும் அதற்குள் அடங்கும்.

நேரமும் அப்படி. கல்முனைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ‘எடுக்கும்’ என்று எழுதத் தேவையில்லை, ‘செல்லும்’ என்றே நாம் சொல்கிறோம். ‘டேக் யுவர் டைம்’ என்றால் “ஆறுதலாச் செய்யுங்க”.

மறுபக்கம் போகும்போது

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டேக்’ செய்கிற சேதம் இன்னும் பெரியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் எங்கள் மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியான வாக்குமூலத்தில் “கூட்டிக்கொண்டு போனாங்க” என்று வந்தால், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி அழைக்க, மகனும் நடந்து போனான் என்ற பொருள் அதில் இருக்கலாம். “பிடிச்சுக்கொண்டு போனாங்க” என்றால் பலாத்காரம். “ஏத்திக்கொண்டு போனாங்க” என்றால் வாகனம் ஒன்று நின்றது. “கொண்டு போனாங்க” என்றால் அவன் விருப்பத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. நான்கையும் ஆங்கிலத்தில் ‘ஹீ வாஸ் டேக்கன்’ என்று ஒரே வரியாக எழுதிவிடலாம். எழுதினால், வாகனம் போய்விட்டது, பலாத்காரம் போய்விட்டது, விட்டுவிடுவோம் என்று கொடுத்த வாக்கும் போய்விட்டது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் ஆணைக்குழுக்கள் வந்து போயின. அப்படியான இடங்களுக்குப் போகிற எந்தக் கடிதத்தையும் மொழிபெயர்க்கிறவர் ‘டேக்’கோடு நிற்கக் கூடாது. கூட்டிக்கொண்டு போனதற்கு ‘லெட் அவே’ (led away), பிடித்துக்கொண்டு போனதற்கு ‘சீஸ்டு’ (seized), ஏற்றிக்கொண்டு போனதற்கு வாகனத்தையும் சேர்த்து ஒரு முழு வசனம். அந்தத் தாய் முதல் தடவை ஒன்றும் இரண்டாம் தடவை இன்னொன்றும் சொல்லியிருந்தால், இரண்டையும் அப்படியே வைக்க வேண்டும். நாமாகச் சமப்படுத்தக் கூடாது. ஆங்கிலத்துக்குப் போன வாக்குமூலத்தை யாராவது மறுபடி தமிழாக்கித் தரச் சொன்னால், ஆங்கிலப் பிரதியிலிருந்து தொடங்காமல், அவர் சொன்ன முதல் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி அதையே இணைத்து அனுப்புங்கள்.