வைஃபை சரியில்லை என்றால் முதலில் வயரைப் பாருங்கள்: வீட்டு இணைய அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று முறையிடுபவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் எந்தத் திட்டத்துக்கு மாறலாம் என்பதுதான். நாடு தழுவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024ல் அறிவித்த பிறகு, இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி எழுகிறது. உறவினர் வீடு, அண்டை வீடு என்று பல இடங்களில் இந்தச் சிக்கலை அருகிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வைஃபைக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, வயரின் கோளாறாகவோ ரவுட்டர் பெட்டியை வைத்த இடத்தின் கோளாறாகவோதான் இருக்கிறது. வாசல்வரை வந்துவிட்ட வேகம் படுக்கையறைக்குப் போகும் வழியில் தொலைந்தால், திட்டத்தை மாற்றுவதால் அது கிடைத்துவிடாது.

ஆகவே, அளந்து பார்க்காமல் பணம் செலவழிப்பதையே முதல் தவறாகக் கருதுகிறேன். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறையில் வேகச் சோதனை செய்தால் அது திட்டம், ரவுட்டர், சுவர், கைப்பேசி ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகக் காட்டும். எது பழுது என்று அதிலிருந்து தெரியாது. மடிக்கணினியை நல்ல லேன் வயர்மூலம் ரவுட்டரில் நேரடியாகச் செருகி அளந்தால், நொடிக்கு 1 கிகாபிட் திட்டத்தில் ஏறக்குறைய 940 மெகாபிட் வரவேண்டும். அது வந்தால் சேவை நிறுவனத்திடம் குறையில்லை, வீட்டுக்குள் தேடலாம்.

அப்படித் தேடும்போது 94 அல்லது 95 மெகாபிட்டுக்கு மேல் ஏறாத இணைப்பைக் கண்டால், அந்த எண்ணையே துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். லேன் வயருக்குள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஓர் இணை அறுந்திருந்தாலோ சுவர்த்துளையில் சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, இணைப்பு நின்றுவிடாமல் சத்தமின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். செங்காங்கில் வசிக்கும் என் அத்தை வீட்டில் இதற்காகவே இரண்டு முறை ரவுட்டரை மாற்றியிருந்தார்கள். சுவரில் இருந்த லேன் துளையின் மூடியைக் கழற்றியபோது, புதுப்பிப்புப் பணியின்போது பொருத்தியவர் ஒரு கம்பியை முழுமையாக அழுத்தாமல் விட்டிருந்தது தெரிந்தது. மீண்டும் அழுத்திவிட்ட அன்றே வேகம் திரும்பியது.

அடுத்தது இடம். கண்ணாடியிழை முடியும் பெட்டி பெரும்பாலும் வாசலை ஒட்டியோ மின்சாரப் பெட்டி இருக்கும் அலமாரியிலோ அமைவதால், ரவுட்டரும் அதனருகே, காலணி அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்கப்படுகிறது. கண்ணுக்கு மறைவாக இருக்கவேண்டும் என்ற விருப்பம் புரிகிறது. ஆனால் தொலைக்காட்சியின் உலோகப் பின்புறம், பெரிய நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் நிறைந்த மீன்தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் அலையைத் தடுக்கும் அல்லது உறிஞ்சும். இவை எல்லாவற்றிலும் மோசமானது, நாம் பாம் ஷெல்டர் என்று அழைக்கும் வீட்டுப் பாதுகாப்பறை. கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அந்த அறைக்குள் ரவுட்டரை வைத்துக் கதவைச் சாத்தினால் வெளியே வருவது மிகக் குறைவு. ரவுட்டர் வெளியே இருந்தாலும், அதற்கும் படுக்கையறைக்கும் நடுவே பாதுகாப்பறை நின்றால் அந்தப் படுக்கையறை நிழலில்தான் இருக்கும். அதன் சுவரை நம் விருப்பம்போல் உடைக்கவோ மாற்றவோ விதிகள் இடம் தருவதில்லை என்பதால், வயரைச் சுற்றிக் கொண்டுபோவதற்கான திட்டம் புதுப்பிப்புப் பணி தொடங்குமுன்பே இருக்கவேண்டும். ரவுட்டரை நகர்த்துவதற்காக மெல்லிய கண்ணாடியிழைக் கம்பியை மூலையில் மடித்து இழுக்கவேண்டாம். கூர்மையாக வளைந்தால் ஒளி கசியும், கம்பி உடையவும் கூடும். கண்ணாடியிழை வந்து முடியும் அந்தப் பெட்டி, அதாவது ஓஎன்டி, இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து கூடத்தின் நடுப்பகுதிக்கு கேட் 6 வகை லேன் வயரைக் கொண்டுவந்து ரவுட்டரை அங்கே உயரத்தில் வைப்பதே நல்லது.

நான் அதிகம் பார்த்த தவறு, ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஆட்சி செய்வது. சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரோடு, கடையில் வாங்கிய இன்னொன்றை அப்படியே செருகிவிடுகிறார்கள். இரண்டும் வீட்டுக் கருவிகளுக்குத் தனித்தனியாக இணைய முகவரி வழங்கத் தொடங்குகின்றன. வீடு இரண்டு வலைகளாகப் பிரிந்துவிடுகிறது. இணையம் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் ஓர் அறையிலிருந்து அச்சுப்பொறி தெரியாது, கைப்பேசிப் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப முடியாது, இணைய விளையாட்டுகள் இணைப்பு குறித்து எச்சரிக்கும். இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், அது இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று கொள்ளலாம். முதன்மை ரவுட்டரிலேயே அந்த முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அது சேவை நிறுவனத்தின் ஏற்பாடு. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தீர்வு எளிது: இரண்டாவது பெட்டியை, முகவரி வழங்காமல் வைஃபை அலையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியில் அந்த வசதி இல்லையென்றால், அதன் முகவரி வழங்கும் டிஎச்சிபி பணியை நிறுத்தி, முதன்மை ரவுட்டரின் முகவரியோடு மோதாத ஓர் எண்ணை அதற்குக் கொடுத்து, வயரை அதன் வான் (WAN) துளையில், அதாவது வெளி இணையத்துக்கான துளையில், செருகாமல் லேன் துளையில் செருகினால் போதும்.

வைஃபையை மற்ற அறைகளுக்கும் நீட்டிக்கும் மெஷ் பெட்டி வாங்குபவர்கள், அலை எட்டாத அறையின் உள்ளேயே அதை வைத்துவிடுகிறார்கள். கம்பியில்லாமல் இயங்கும் மெஷ் பெட்டி, தனக்கு வந்துசேரும் அலையைத்தான் மறுபடியும் பரப்ப முடியும். வந்துசேருவதே மெலிந்த அலை என்றால், கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும், காணொளி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நல்ல அலை இன்னும் கிடைக்கும் நடுவழியில் அதை வையுங்கள். அதைவிடவும், புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் அறைகளில் ஏற்கெனவே இருக்கும் லேன் துளைகளைப் பயன்படுத்தி மெஷ் பெட்டிகளை வயரால் இணைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. விலை குறைந்த இரண்டு பெட்டிகள் வயரால் இணைந்தால், வயரில்லாத விலையுயர்ந்த மூன்றை அவை மிஞ்சும்.

அடுக்குமாடி வாழ்க்கையில் அண்டை வீடுகளின் அலைகளோடும் பகிர்ந்து வாழவேண்டியுள்ளது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நடுவில் இருக்கும் 3 அல்லது 8ஐத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்து நெரிசலும் சேர்ந்துவிடும். அலைவரிசையின் அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்திருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், ரேடார்களும் பயன்படுத்தும் பகுதிக்குள் நுழைகிறார்கள். அங்கே ரவுட்டர் ஒளிபரப்புமுன் குறைந்தது 60 விநாடி காத்துக் கேட்கவேண்டும். ரேடார் அலை தென்பட்டால் உடனே விலகவேண்டும். சில வீடுகளில் வைஃபை காரணமின்றி ஒரு நிமிடம் மறைந்து வருவதற்கு இது காரணமாக இருக்கலாம். அகலத்தை 80க்குக் குறைத்துப் பாருங்கள். 2023ல் இங்கே வைஃபைக்குத் திறந்துவிடப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நெரிசல் குறைவு, ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். 2021 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தை எட்டியிருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்த அல்லது பத்தாண்டு பழைய பெட்டிக்கு அந்த உறுதி இல்லை. மென்பொருள் மேம்பாடு நின்றுவிட்ட பெட்டியை அக்சஸ் பாயிண்டாகக்கூட வைத்திருக்கவேண்டாம்.

கடைசியாக, பொறுமையிழந்து ரீசெட் துளையில் ஊசியைக் குத்துவது. அது பெட்டியை மறுபடி தொடங்குவதோடு நிற்காமல், சேவைக்குத் தேவையான அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். அதற்குப் பதிலாக எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்தி, முதலில் ஓஎன்டியை மட்டும் ஏற்றி, கண்ணாடியிழை இணைப்பைக் காட்டும் அதன் பான் (PON) விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்து, பிறகு ரவுட்டரையும் அதன்பின் மெஷ் பெட்டிகளையும் ஏற்றுங்கள். ஓஎன்டியில் லாஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி உங்கள் பெட்டிக்கு வந்துசேரவில்லை என்று பொருள். ரவுட்டரைத் தொடாமல் சேவை நிறுவனத்தை அழைத்துவிடுங்கள்.